கோல்பி க்ரூபா ஆடிய கடைசி சீசன்

“உங்க அண்ணன் எப்பவுமே இவ்வளவு மெதுவாத்தான் பேசுவானா?”

கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு மருத்துவ உதவியாளரான பெத் என்னிடம் இப்படிக் கேட்டார். என் அண்ணன் கோல்பி பக்கத்து நாற்காலியில்தான் இருந்தான். முந்தின நாள் ஆட்டத்தில் தலையில் பலமாக அடிபட்டிருந்தது. அவனை வீட்டுக்கு அழைத்துப்போக வந்திருந்தேன். அவன் அணித் தோழர்களோடு தங்கியிருந்தான். நான் அவனைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். சனிக்கிழமை ஆட்டம் முடிந்த மறுநாள் யார்தான் கலகலவென்று பேசுவார்கள்? தெரியவில்லை என்றேன்.

பெத் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். ஆகஸ்டில் பயிற்சி தொடங்கும்போது ஒவ்வொரு வீரனும் ஒரு ஞாபகத் தேர்வு எழுதுகிறான். அடிபட்டால் மறுபடி அதையே எழுத வைத்து இரண்டையும் ஒப்பிடுவார்கள். மதிப்பெண் இறங்கியிருந்தால் ஆடக் கூடாது. கோல்பியின் இரண்டு தேர்வுகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. அவன் ஆடலாம் என்று பெத் சொன்னார். ஆனால் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கோல்பி நட்சத்திர வீரன் இல்லை. அப்பா தீவன லாரி ஓட்டுகிறார். இவன் விவசாயப் பொருளாதாரம் படித்தான். பட்டம் வாங்கியதும் கூட்டுறவு தானியக் கிடங்கில் வேலை என்று பேசி வைத்திருந்தார்கள். களத்தில் அவன் சென்டர், முன்வரிசையின் நடு ஆள். குனிந்து, பந்தைக் காலிடுக்கு வழியே, பின்னால் நின்று ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கிடம் கொடுத்துவிட்டு, நிமிர்வதற்குள் எதிராளியோடு தலை மோத வேண்டும். ஒவ்வொரு ஆட்டமும் அதே வேலைதான், எத்தனையோ முறை. டிவியில் அவன் முதுகுதான் தெரியும். ஆனால் வீட்டில் அவன் வாயை யாராலும் அடைக்க முடியாது. அம்மா சுடும் கொலாச்சே என்ற இனிப்பு ரொட்டியைப் பார்த்து, “இதை எதிரணிக்கு அனுப்பும்மா, பல்லு ஒண்ணும் மிஞ்சாது” என்பான். திட்டிக்கொண்டே அம்மா இன்னொன்றை வைப்பாள்.

அந்த ஆண்டு அதுவரை அணி தோற்கவே இல்லை. முடிதிருத்தும் கடையிலிருந்து வங்கி வரை எல்லாக் கண்ணாடியிலும் அணியின் பெயர். நான் வேலை பார்க்கும் பெட்ரோல் நிலையத்தில் எல்லோரும் அண்ணனைத்தான் விசாரித்தார்கள். நன்றாக இருக்கிறான் என்றே சொன்னேன். அப்படித்தான் நினைத்தேன்.

அக்டோபரில் சின்னச் சின்ன மாற்றங்கள். விளக்கு கண்ணைக் கூசுகிறது என்று சமையலறையில்கூடக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு அவன் சிரித்தான். எங்கள் நாயை, எப்போதோ செத்துப்போன பழைய நாயின் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். சீசன் என்றால் உடம்பு அசதியாகத்தான் இருக்கும் என்றார் அப்பா. ஆளுக்கொன்றைக் கவனித்தோம். சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

கடைசி ஆட்டம் எங்கள் ஊரிலேயே நடந்தது. ஜெயித்தால் சாம்பியன் பட்டம். கோல்பிக்கு அது இறுதியாண்டு, மறுபடி வாய்ப்பில்லை. உறைபனிக் குளிரில் ஊரே வந்திருந்தது. இடைவேளைக்கு முன்பு எங்கள் அணி திடீரென்று ஆட்டத்தை நிறுத்தச் சொன்னது. நடந்தது என்ன என்பதை, அவனோடு தங்கியிருந்த குவார்ட்டர்பேக் ஆண்ட்ரே பிறகு என்னிடம் சொன்னான்.

எல்லோரும் வட்டமாகக் கூடி நின்றபோது கோல்பி, “டேய், நாம எந்தப் பக்கம்டா போறோம்?” என்று கேட்டிருக்கிறான். கிண்டல் என்று நினைத்து ஒருவன், “கறிக்கடைப் பக்கம், உனக்கு வேறென்ன தெரியும்” என்றானாம். அடுத்து ஆண்ட்ரே குரல் கொடுத்தும் பந்து வரவில்லை. கோல்பி பந்தில் கை வைத்துக் குனிந்தபடியே, படிப்பை முடித்துப் போய்விட்ட பழைய வீரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

ஆண்ட்ரே பயிற்சியாளரிடம் போகவில்லை. நேராகப் பெத்திடம் போனான்.

“அந்த டெஸ்ட்டை நம்பாதீங்க பெத். ஆகஸ்ட்ல அவன் வேணும்னேதான் தப்பா எழுதினான். நாங்க எல்லாருமே அப்படித்தான்.”

ஒவ்வோர் ஆகஸ்டிலும் மூத்தவர்கள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அது. முதலிலேயே மந்தமாக எழுதிவிட்டால், பிறகு எவ்வளவு அடிபட்டாலும் மதிப்பெண் இறங்காது. யாராலும் வெளியே உட்கார வைக்க முடியாது. அதை ஏமாற்று என்று ஒருவனும் நினைத்ததில்லை. அந்த ஆண்டு புதியவர்களுக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொடுத்ததே கோல்பிதானாம்.

இடைவேளை வரைக்குமாவது ஆடட்டும் என்று பயிற்சியாளர் கெஞ்சியிருக்கிறார். பெத் கோல்பியின் ஹெல்மெட்டை வாங்கித் தன் பெட்டியில் வைத்துப் பூட்டினார். ஹெல்மெட் இல்லாமல் யாரும் களத்தில் இறங்க முடியாது.

மேலே பார்வையாளர் வரிசையிலிருந்து நான் பார்த்தது இவ்வளவுதான்: அண்ணன் பெஞ்சு ஓரமாக ஒவ்வொருவனிடமும் போய் ஏதோ கேட்கிறான். அவர்கள் பெத்தைக் காட்டுகிறார்கள். தலையாட்டிவிட்டு அடுத்தவனிடம் போய் மறுபடியும் கேட்கிறான். பெத் தோளைப் பிடித்து உட்கார வைத்தாலும் எழுந்துவிடுகிறான். நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு கீழே ஓடினேன்.

“வந்துட்டியா ஜோ, என் ஹெல்மெட்டைத் தேடு. ஆட்டம் ஆரம்பிச்சிடப் போறாங்க” என்றான். அவன் முதுகுக்குப் பின்னால் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது.

நாங்கள் ஆம்புலன்சில் போய்க்கொண்டிருக்கும்போது அணி தோற்றது. மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்றார்கள். ஆனால் எவ்வளவு இழந்திருக்கிறான் என்று மருத்துவரால் கணக்கிட முடியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் இருந்தது ஆகஸ்டில் எழுதிய பொய் மட்டுமே.

இப்போது பிப்ரவரி. கோல்பி வீட்டில் இருக்கிறான். சில சமயம் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகிறான். நாங்கள் காத்திருக்கிறோம். தானியக் கிடங்கு வேலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சாம்பியன் பட்டம் போனது ஆண்ட்ரேயால்தான் என்று, ஊர் உணவு விடுதியில் அவன் உட்காரும் மேசைக்கு யாரும் போவதில்லை. அம்மா மட்டும் போய் உட்காருகிறாள்.

ஆகஸ்டில் புதுப் பையன்கள் வருவார்கள். இதைப் படிக்கிறவர்களுக்கு அப்படி ஒரு பையனைத் தெரிந்திருந்தால், அவன் அந்தத் தேர்வுக்கு உட்காரும் முன்பே என் அண்ணனைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். பக்கத்தில் உட்காருகிறவனுக்கும் சொல்லும்படி அவனிடம் சொல்லுங்கள்.