சப்பாத்து குடித்த தண்ணீர்

அமாக் சினாரெப் மரியாதை தெரியாதவன் என்று செம்பாலுன் கடைத்தெருவில் சொல்லித் திரிகிறார்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேர் ரிஞ்சானி எரிமலையில் ஒரு மூட்டைகூடத் தூக்கியதில்லை. நான் தூக்கியிருக்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன், மூங்கில் காவடியும் ரப்பர் செருப்புமாக ஏறி, இன்று இந்த ஊரின் பாதிச் சுமைகாரர்களுக்கு மேஸ்திரி. மக்காவும் போய் வந்து ஹாஜி ஆனேன். அதனால் என் பேச்சைக் கேளுங்கள்.

அமாக் சினாரெப் இந்த மலையில் பிறந்தவன் இல்லை. தீவின் தெற்கே, கோடையில் குளம் பாளம் பாளமாக வெடிக்கிற ஊர்க்காரன். காய்ந்த குளத்தில் குழி தோண்டி, ஊறிய சேற்றுத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடித்து வளர்ந்தவன். இங்கே பெண்ணெடுத்து வந்த முதல் வாரமே பள்ளிவாசல் குழாய் ஒழுகுவதைப் பார்த்து இமாமிடம் சண்டைக்குப் போனான். "பிரசங்கம் அப்புறம் பண்ணலாம், முதல்ல இதை இறுக்கி மூடுங்க!" ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன்.

எரிமலை வாயின் விளிம்பில்தான் கூடாரம் போடுவோம். அதற்குக் கீழே ஓர் ஊற்று. மழையில்லாத மாதங்களில் நூல் மாதிரி விழும். கேன் நிறையும்வரை குளிரில் குந்தியிருந்து, சுமந்து ஏறுவது அவன் வேலை. அந்தத் தண்ணீரில் அவன் முகம் கழுவ மாட்டான். விடிகாலை சுபுஹு தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளு செய்யக்கூட அதைத் தொட மாட்டான். சாம்பல் மண்ணில் கையைத் தட்டி முகத்தில் தடவிக்கொண்டு தொழுவான். தண்ணீர் இல்லாத இடத்தில் மார்க்கம் அதற்கு இடம் கொடுக்கிறது.

போன ஆகஸ்டில் ஜகார்த்தாவிலிருந்து ஓர் ஆபீஸ் கூட்டத்தை ஏற்றிப் போனான். என் கூட்டம் பக்கத்துக் கூடாரத்தில். இரவோடு இரவாக அந்த ஆபீஸ்காரர்கள் உச்சிக்குப் போய்விட்டார்கள். விடிந்து, சாம்பலைத் தடவித் தொழுதுவிட்டு, தேநீருக்குத் தண்ணீர் எடுக்கப் போனவன் அப்படியே நின்றான். இரண்டு கேனும் காலி. தரையெல்லாம் சேறு. சேற்றில் ஒரு பல் தேய்க்கிற பிரஷ்.

"அந்தப் பெரிய ஆபீசர் சப்பாத்து கழுவினாரு. போட்டோவுல வெள்ளையா தெரியணுமாம்" என்றான் சமையல்காரன்.

"நீ பார்த்துக்கிட்டு இருந்தியாடா?" என்றான் அமாக் சினாரெப்.

"விருந்தாளியை நான் என்னன்னு கேட்கிறது?"

அமாக் சினாரெப்மேல் ஏற்கெனவே மலைப் பயணம் நடத்துகிற கம்பெனியில் இரண்டு புகார். மூன்றாவது வந்தால் அவனை மலைக்கு எடுக்க மாட்டார்கள். அதனால் சொன்னேன்: "கோபத்தை முழுங்கு. என் கேன்ல பாதி தரேன்."

"உங்க தண்ணியும் அவன் காலுக்கா, ஹாஜி?" காவடியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.

வெயில் ஏறியபோது அவர்கள் தொண்டையெல்லாம் சாம்பலாக இறங்கி வந்தார்கள். ஹெர்லம்பாங் என்ற அந்த ஆபீசர் கப்பை நீட்டினார். "டீ எங்கேப்பா?"

"உங்க கால்ல இருக்கு. நக்கிக் குடிங்க."

"யார்கிட்ட பேசறேன்னு தெரியுதா? இனிமே நீ இந்த மலை ஏற மாட்டே!"

"கேனை எடுங்க, ஊத்துக்கு வழி காட்டறேன். நீங்க தூக்கிட்டு ஏறுங்க, டீ நான் போடறேன்."

ஆபீசர் அசையவில்லை. அவருக்குக் கீழே வேலை செய்கிற யுனிதா என்ற பெண்தான் கேனை எடுத்தாள். அவன் முன்னே வெறுங்கையோடு இறங்கினான். அவள் திரும்பி வந்தபோது உள்ளங்கை கன்றியிருந்தது. எல்லோருக்கும் தேநீர் கிடைத்தது. ஆபீசருக்கும் அவளே ஊற்றினாள், கப் பாதியோடு நிறுத்திவிட்டாள்.

கம்பெனியில் மன்னிப்புக் கேள் என்றார்கள். "சப்பாத்துக்கிட்டயா, ஆள்கிட்டயா?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தான். அன்றோடு மலை முடிந்தது. அந்தக் கம்பெனிக்கு என் ஆட்களை அனுப்புவதை நானும் நிறுத்தினேன். கம்பெனியிடம் போய்க் கெஞ்சும்படி எங்களிடம் சொன்னார்கள் சிலர். எதற்குக் கெஞ்ச வேண்டும்?

இப்போது என் பூண்டு வயலில் வேலை செய்கிறான். நேற்று வாய்க்கால் உடைந்து தண்ணீர் பாதைக்கு ஓடியதைப் பார்த்துவிட்டு, அத்தனை கூலியாட்கள் முன்னால் என்னிடமே கத்தினான்: "மக்கா வரைக்கும் போய் வந்தீரே, இந்த உடைப்பை அடைக்கத் துப்பில்லையா?"

எனக்கும் கோபம் வந்தது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் அடைத்தேன்.