மாமனார் பெயர் உள்ள பாட்டு

டர்பனில் எங்கள் சலவைக்கூடத்தில் நொமூசா எனக்கு அடுத்த மேசையில் இஸ்திரி போடுவாள். ஓரிடத்தில் நிற்கமாட்டாள்; பெட்டியைத் தள்ளும்போதே கால் தாளம் போடும். சனிக்கிழமைகளில் ரோரியின் ராக் குழுவில் பாடுவாள். கிட்டார் வாசிக்கும் ரோரி வெள்ளைக்காரன். டிரம்ஸ் அடிக்கும் மூசி அவளைப் போல ஜூலு. வெள்ளையரும் கறுப்பரும் சேரக் கூடாதென்று சட்டம் இருந்த காலம்; மூவரும் ஒரே மேடையில் ஏறினாலே போலீஸ் எட்டிப் பார்க்கும்.

எண்பத்துநான்கில் மூசி ஒரு பாட்டு எழுதினான். காதலன் வரும் பாதையைப் போலீஸ் மறித்திருக்கிறது. பாதையை விடுங்கள் என்கிறாள் பெண். பாதைக்கு ஜூலுவில் இண்ட்லேலா. நொமூசாவின் மாமனார் பெயரும் கிட்டத்தட்ட அதுதான். ஜூலு வழக்கப்படி மருமகள் அந்தப் பெயரை மட்டுமல்ல, அதன் சாயலுள்ள சொல்லையும் சொல்லக் கூடாது. ஒலிப்பதிவில் நொமூசா, அதற்குப் பதிலாக மருமகள்கள் சொல்லும் 'இன்யாத்துகோ'வைப் பாடிவிட்டாள். மிதித்து நடக்கிற இடம் என்று அர்த்தம்.

ரேடியோக்காரர்கள் முன்பே அனுமதித்த பாட்டுத் தாளில் அந்தச் சொல் இல்லை. "யார் மிதிக்கப் போறாங்க? ஊர்வலமா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

ரோரி குதித்தான். "காதல் பாட்டுன்னு சொல்லி எப்படியோ உள்ள தள்ளினேன். நீ மரியாதை காட்டப்போய் போராட்டப் பாட்டாக்கிட்டே! வியாழக்கிழமை மறுபடி பதிவு; தாள்ல இருக்கிறபடி பாடு. இல்லேன்னா வேற ஆளு."

"மாமியாரையே பேர் சொல்லிக் கூப்பிடுறவன் நீ. உனக்கென்ன தெரியும்?" என்றாள் நொமூசா.

"மருமகளே, பேசாம உன் மாமனாரை வேற பேர் வச்சுக்கச் சொல்லு" என்றான் மூசி.

அவள் மாமனாரிடமே கேட்டாள். "சொல்லேம்மா, என் பேரு தேஞ்சா போயிடும்?" என்றாராம்.

வியாழக்கிழமை ஒலிப்பதிவுக்குத் துணையாக நானும் போனேன். நான்கு முறை 'இண்ட்லேலா' வரை வந்து பாட்டை நிறுத்திவிட்டாள். ஐந்தாம் முறை முன்னைவிட உரக்க, "இன்யாத்துகோ!" ரோரி கிட்டாரைக் கீழே வைத்துவிட்டான்.

"அவரே சரின்னுட்டாரே?" என்றேன் பேருந்தில்.

"அவரு சொன்னாரு. பதினோரு வருஷமா அடக்கி வச்ச நாக்கு கேக்கணுமே."

அடுத்த மாதம் வேறொருத்தியின் குரலில் பாட்டு ரேடியோவில் வந்தது. நொமூசா சத்தத்தைக் கூட்டினாள். 'இண்ட்லேலா' வந்ததும் அதன் மேலேயே தன் சொல்லைக் கத்தினாள். கூடத்திலிருந்த ஜூலு மருமகள்கள் எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். மேற்பார்வையாளர் ஓடிவந்தபோது அவள் ஏப்ரனை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"துறைமுகத்துப் பக்கம் ஒரு குழுவுக்குப் பாட ஆள் வேணுமாம். சாப்பாட்டு இடைவேளை முடியறதுக்குள்ள வந்துடுறேன்."