கஞ்சி போட்ட பொம்மை

பொம்மைக்குக் கஞ்சி போட்டால் தப்பா என்று பக்கத்து வீட்டுச் சம்பந்தம் கேட்டபோது, சங்கீதா ஒரு பட்டுச் சேலைக்கு ஃபால்ஸ் அடித்துக்கொண்டிருந்தாள். யாருக்குப் பொம்மை என்றாள். தங்கச்சி மகளுக்கு என்றார். என்ன வயசு என்றாள். ரெண்டரை என்றார். ரெண்டரை வயசுப் பிள்ளை பொம்மையைக் கட்டிக்கினு தூங்குமே, கஞ்சி எதுக்கு என்று கேட்டாள்.

"கஞ்சி போடாத பாவு நூலு தறியில நிக்குமாம்மா? தொளதொளன்னு இருந்தா அது பொம்மையா, கரித்துணியா?"

சங்கீதா மறுபடி ஊசியைப் பார்த்துக்கொண்டாள். அவள் பேச்சு எப்போதும் அவ்வளவுதான்.

திருஞானசம்பந்தம் என்ற முழுப் பெயர் ஆதார் அட்டையில் இருக்கிறது. தெருவுக்கு அவர் சம்பந்தம். கரையும் உடலும் சேருமிடத்தை விரலால் ஒருமுறை தடவிவிட்டுத்தான் எந்தச் சேலையையும் தறியிலிருந்து இறக்குவார். அதே அக்கறையோடு வளர்த்தது அவருடைய மீசை. அதைக் கண்டாலே வீறிட்டு அழுவாள் ஐயம்பேட்டையில் இருக்கும் தங்கை மகள் தன்ஷிகா. வரும் வெள்ளிக்கிழமை அவளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அவருக்கு இருப்பதோ ஒரே தங்கை, அவளுக்கு ஒரே மகள்.

"மச்சான், மீசைய எடுத்துடுங்க. இல்லாங்காட்டி எங்க பெரியப்பா மடியில ஒக்கார வெச்சுக்கிறோம்" என்று தங்கை வீட்டுக்காரர் ஜெயக்குமார் போனில் சீண்டினார். சம்பந்தமும் சிரித்து வைத்தார். ஆனால் மீசையை எடுக்கவும் மனசில்லை, மடியை விட்டுக்கொடுக்கவும் மனசில்லை.

அதற்குப் பிறகுதான் பொம்மை கொடுத்துப் பிள்ளையை வசப்படுத்தும் யோசனை வந்தது. பழைய வேட்டியில் உடம்பு, உள்ளே கழிவு நூல், கறுப்புப் பட்டிழையில் தோளை மூடும் கூந்தல், மிச்சத் துண்டில் கரை வைத்த சேலை. கடைசியில், பாவுக்குப் போடுவதுபோலவே கெட்டியாகக் கஞ்சி போட்டு வெயிலில் காய வைத்தார். பொம்மை கான்ஸ்டபிள் மாதிரி விறைத்து நின்றது.

செவ்வாய்க்கிழமை காலை ஷேர் ஆட்டோ பிடித்து ஐயம்பேட்டை போய்க் கொடுத்தார். தன்ஷிகா ஆசையாக அணைத்தாள். பொம்மையின் கை கன்னத்தில் குத்தியது. வீசி எறிந்தாள். அது நேராகத் துணி அலசும் அண்டாவில் போய் விழுந்தது. தங்கை புவனேஸ்வரி சிரிப்பை அடக்கிக்கொண்டு அதையும் நாலு அலசு அலசி, பிழிந்து, கொடியில் போட்டாள்.

சாயங்காலம் காய்ந்தபோது கஞ்சியெல்லாம் போயிருந்தது. கையும் காலும் தொங்கத் துவண்டு கிடந்த பொம்மையைப் பார்க்கவே சம்பந்தத்துக்கு வெட்கமாக இருந்தது. தன்ஷிகாவோ அதைக் கேட்டு வாங்கித் தோளில் சாய்த்து, முதுகில் தட்டிக்கொண்டே கூடத்தைச் சுற்றி வந்தாள். வெள்ளிக்கிழமை மாமா மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொள்ள வேண்டும் என்று அம்மா நினைவூட்டினாள். தன்ஷிகா பொம்மையைத் தூக்கிக் காட்டினாள்.

"மொதல்ல பாப்பாக்குக் குத்து."

குத்திடலாம் என்று சம்பந்தம் உடனே ஒப்புக்கொண்டார். எங்கே குத்துவார்கள் என்று காட்டச் சொல்லி, பொம்மையோடு அவர் மடியில் ஏறிவிட்டாள் தன்ஷிகா. மீசை அவள் நெற்றிக்கு மேலேயே இருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. சம்பந்தம் மூச்சுக்கூடப் பெரிதாக விடாமல் பொம்மையின் கூந்தலை விலக்கினார். காது இல்லை. கூந்தலை அழகாக வைத்த மும்முரத்தில் காதை மறந்தே போயிருந்தார்.

காது வைத்துத் தருவதாகத் தன்ஷிகாவிடம் சொல்லிப் பொம்மையை வாங்கிக்கொண்டு அடுத்த ஆட்டோவில் திரும்பியவர், தன் வீட்டுக்குப் போகாமல் சங்கீதா வீட்டு வாசலில் வந்து நின்று அதை நீட்டினார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள இதுக்கு ரெண்டு காது வெச்சுத் தெச்சுக் குடும்மா. மெத்துனு இருக்கட்டும். நான் தெச்சா மறுபடியும் கஞ்சி போட்டுடுவேன்."