எந்தக் கரை?

எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் அவரை எல்லோரும் நாலுவரி என்றுதான் கூப்பிடுவோம். இறந்தவர்களுக்கான அஞ்சலி விளம்பரங்களில் படத்துக்குக் கீழே நான்கு வரியில் ஒரு கவிதை வருமே, அதை எழுதுவது அவர் வேலை. இருபத்தாறு வருஷமாக அதே மேஜை, அதே ஆடுகிற நாற்காலி. பக்கத்து மேஜை என்னுடையது. வாடகைக்கு வீடு, விற்பனைக்கு வண்டி, தொலைந்துபோன சான்றிதழ், முந்தின நாள் அச்சில் வந்த தப்புக்கான திருத்தம் எல்லாம் என் பாடு.

இளம் வயதில் பெரிய கவிஞராக வேண்டும் என்று இருந்தவர். ஒரு புத்தகம்கூடப் போட்டார். வாங்கியது அவர் மச்சான் மட்டும்தான், அவரும் படித்ததாகத் தகவல் இல்லை. நல்ல வேலை கிடைக்கும்வரை என்று சொல்லிக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்தார். கிடைக்கவில்லை. உட்கார்ந்தபடியே தலை நரைத்துவிட்டது.

மேஜையின் இடது இழுப்பறையில் ஐந்து கட்டு அட்டைகள் வைத்திருந்தார். விளக்கு, பூ, பறவை, பயணம், கரை. கவிதையில் சாவதற்கு இந்த ஐந்து வழிதான் உண்டு என்பார். விளக்கு அணையும், பூ உதிரும், பறவை கூட்டை விட்டுப் பறக்கும், பயணி ஊர் போய்ச் சேருவார், படகு கரை சேரும். வயதானவர் என்றால் பழுத்த இலை, குழந்தை என்றால் மொட்டு. இரண்டும் பூக்கட்டிலேயே இருக்கும். நேரம் இருந்தால் புதிதாக எழுதுவார். இல்லாவிட்டால் ஒரு அட்டையை உருவி, 'அன்பு அப்பாவே' என்பதை 'அன்பு அத்தையே' என்று மாற்றிக் கொடுப்பார். எதைக் கொடுத்தாலும் மோனை மட்டும் தப்பாது.

சும்மா எடுத்துக் கொடுக்கிற வேலைதானே என்று நினைத்துவிடக் கூடாது. மின்சாரம் தாக்கிப் போனவருக்கு விளக்கு ஆகாது. மாடியிலிருந்து விழுந்தவருக்குப் பறவை கூடாது. சாலை விபத்து என்றால் பயணத்தின் பக்கமே போக மாட்டார். அதனால் விளம்பரம் கொடுக்க வருகிற ஒவ்வொருவரிடமும் குரலைத் தணித்து, "எப்படி?" என்று கேட்பார். அந்த ஒரு வார்த்தைக்கு அரை மணி நேரம் அழுகை பதிலாக வரும். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பார். தினமும் ஆறு பேர், ஏழு பேர். மனுஷன் எத்தனை வருஷம்தான் தாங்குவார்?

வீட்டுக்குப் போனாலும் விடாது. ஒருநாள் மின்தடை வந்திருக்கிறது. அடுப்படியிலிருந்து அவர் மனைவி, "என்னங்க, விளக்கு அணைஞ்சு போச்சு" என்று குரல் கொடுக்க, இவர் கூடத்தில் இருந்தபடியே, "எத்தனை வயசு?" என்று கேட்டாராம். அவர் மனைவியே என்னிடம் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "முழு நிலாவைக் காட்டினாக்கூட, ஆமா, நாளையிலேர்ந்து தேயும்ங்கறாரு. இந்த மனுஷனை எங்கேயும் கூட்டிட்டுப் போக முடியல" என்றார்.

கடைசி இரண்டு வருஷங்களில் மிகவும் சலித்துப்போயிருந்தார். "எல்லாச் சாவும் ஒரே சாவாத் தெரியுதும்மா எனக்கு" என்று ஒருமுறை சொன்னார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"லீவு போடுங்க சார்" என்றேன்.

"நான் லீவு போட்டா யாரு எழுதுவா? மேனேஜர் எழுதுவாரு, மிகச் சிறந்த மறைவுன்னு."

அது என்னவோ உண்மைதான். மேனேஜரின் தமிழை நானும் பார்த்திருக்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அன்றைய ஏழாவது விளம்பரம் தொலைபேசியில் வந்தது. ஓர் அண்ணன் தன் தம்பிக்காகக் கொடுத்தான். தம்பிக்கு வயது முப்பத்தொன்று, அம்மா சொல்வதுபோலக் கவிதை இருக்க வேண்டும் என்றான். நாலுவரிக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. கன்னத்தை ஒரு கையால் தாங்கிக்கொண்டே விவரங்களைக் குறித்துக்கொண்டார், சரி என்றார், வைத்துவிட்டார். எப்படி என்று கேட்கவில்லை. பக்கத்திலேயே இருந்த எனக்கும் அது உறைக்கவில்லை. கைக்கு வந்த கட்டிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார்.

அலைந்தது போதுமென்று
அலைகளைக் கடந்தாய்,
அமைதியாய்க் கரை சேர்ந்தாய்,
அன்பு மகனே.

வியாழக்கிழமை அது அச்சில் வந்தது. அன்று காலை பத்தரை மணிக்கு ஓர் அம்மா எங்கள் மேஜைகளைத் தேடிக்கொண்டு வந்தார். அறுபது, அறுபத்தைந்து வயது இருக்கும். செருப்பிலும் பாதத்திலும் மணல். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் நாலாக மடித்த எங்கள் பத்திரிகை.

"தம்பி, இதை எழுதினது நீங்களா?"

"ஆமாம்மா. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. "எந்தக் கரை?" என்றார்.

நாலுவரிக்குப் புரியவில்லை. "என்னம்மா கேக்கறீங்க?"

அந்த அம்மா பத்திரிகையை மேஜைமேல் விரித்து, விரலை வரியின் அடியில் வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தார். "அமைதியாய்க் கரை சேர்ந்தாய். எந்தக் கரையில சேர்ந்தான்? உங்களுக்கு யார் வந்து சொன்னாங்க?"

பதிலுக்குக் காத்திராமல் அவரே தொடர்ந்தார்.

"என் சின்னவன் படகுல போய் நாப்பத்திரெண்டு நாளாச்சு. கூடப் போன மூணு பேரும் வரல. தேடறதையும் நிறுத்திட்டாங்க. பெரியவன் என்கிட்ட சொல்லாம பேப்பர்ல போட்டிருக்கான். போகட்டும். மறைவுன்னு போட்டிருக்கு. அதுவும் சரிதான், மறைஞ்சுதான் போனான். ஆனா கரை சேர்ந்தான்னு போட்டிருக்கீங்களே. உசிரோட இருக்கானான்னு நான் கேக்கல தம்பி. உடம்பு ஒதுங்கியிருந்தா இடத்தை மட்டும் சொல்லுங்க. நான் போய் எடுத்துக்கறேன்."

துணிப்பையைத் திறந்து காட்டினார். ஒரு போர்வையும், துவைத்து மடித்த ஒரு சட்டையும் இருந்தன.  அந்த நேரத்தில் நாலுவரியை நான் வெறுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"அது கவிதைம்மா" என்று ஆரம்பித்தார் அவர்.  "கவிதையில கரைன்னா நிஜக் கரை இல்லம்மா. வாழ்க்கை ஒரு கடல்னு வச்சுக்கிட்டா..."

"என் பிள்ளை நிஜக் கடல்லதானே தம்பி போனான்?"

நாலுவரி பல் வலி என்று சொல்லியிருக்கலாம். அண்ணன்காரன் விவரம் தரவில்லை என்று பழியை அவன் தலையில் போட்டிருக்கலாம். நானாக இருந்தால் போட்டிருப்பேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

"எந்தக் கரையும் இல்லம்மா. எனக்கு ஒண்ணுமே தெரியாது. எப்படின்னு நான் கேக்கணும், கேக்கல. எல்லாருக்கும் எழுதற மாதிரி எழுதிட்டேன்."

"அப்ப யாரும் பாக்கலியா?"

"பாக்கலம்மா."

அந்த அம்மா இப்போதுதான் உட்கார்ந்தார். பையின் வாயை மூடி மடியில் வைத்துக்கொண்டார். நான் தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக் கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை. பிறகு, "பேரு தப்பா வந்தா மறுநாள் திருத்தம் போடுவீங்கல்ல?" என்று கேட்டார்.

"போடுவோம்."

"இதுக்கும் போடுங்க. வர்றவங்க போறவங்க எல்லாம் பையன் கிடைச்சுட்டானான்னு கேப்பாங்க. நான் எத்தனை பேருக்குப் பதில் சொல்றது?"

நாலுவரி மேனேஜரின் அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்ததால் எல்லாம் என் காதில் விழுந்தது. "கவிதைக்கு எந்தப் பத்திரிகைக்காரனாவது திருத்தம் போட்டிருக்கானாய்யா? நாளைக்கு ஒருத்தன் எங்க வீட்டு விளக்கு அணையவே இல்லன்னு வந்து நிப்பான். விளம்பரம் கொடுத்தவர் கேக்கட்டும், பாக்கலாம்" என்றார் மேனேஜர். நாலுவரி வாதாடவில்லை. அங்கேயே நின்று அந்த அண்ணனைத் தொலைபேசியில் கூப்பிட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். ஒலிபெருக்கியில் போட்டிருந்தார். 

"தினமும் விடிஞ்சதும் போய் மணல்ல உக்காந்துக்கறாங்க சார்" என்றான் அவன். "என்ன சொன்னாலும் எழுந்து வரமாட்டேங்கறாங்க. பேப்பர்ல பாத்தாலாவது மனசு ஆறும்னு நினைச்சேன்." பிறகு, "அம்மா ஏதாவது சாப்பிட்டாங்களா?" என்று கேட்டான்.

"இல்ல போலிருக்கு தம்பி."

"நான் வந்து கூட்டிட்டுப் போறேன். அவங்க என்ன சொல்றாங்களோ அதையே போட்டுடுங்க சார்."

மேனேஜர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். திருத்தம் என்றால் அது என் பக்கத்தில்தான் வர வேண்டும். நாளைக்கு இருந்த ஒரு வீட்டு விளம்பரத்தைத் தள்ளி வைத்து நான் இடம் ஒதுக்கினேன்.

நாலுவரி ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு அந்த அம்மாவுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன போடணும்மா? நீங்களே சொல்லுங்க."

அவர் யோசித்து யோசித்துச் சொன்னார். நாலுவரி அதைத் திருத்தம் எழுதுகிற முறையில் எழுதினார். அந்த அம்மா சொன்ன சொல்லில் மட்டும் கை வைக்கவில்லை. எழுதி முடித்துப் படித்துக் காட்டினார்.

"நேற்றைய அஞ்சலியில் 'கரை சேர்ந்தாய்' என்று வந்தது தவறு. 'இன்னும் வரவில்லை' என்று திருத்தி வாசிக்கவும். இப்படிக்கு, அம்மா."

அந்த அம்மா தாளைக் கையில் வாங்கி, விரல் வைத்து ஒருமுறை தானே வாசித்தார்.

"இது புரியுது" என்றார்.