நீவா வண்டி நிறுத்திய இடங்கள்

பதினான்கு. இந்த எண்ணை மறக்காதீர்கள்.

அமெரிக்காவில், ஒரிகன் மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், ஆற்றை ஒட்டிய பொது நிலத்தில், ஒரு முகாமில் பதினான்கு நாள் தங்கலாம். அதற்குப் பிறகு வண்டியைக் கிளப்பி இருபத்தைந்து மைல் தள்ளிப் போய்விட வேண்டும். மீன் பிடிக்க வந்தவன் ஆற்றங்கரையைத் தன் சொத்தாக்கிக்கொள்ளக் கூடாது என்று போட்ட விதி. நல்ல விதிதான். ஆனால் வீடு இருப்பவனை மனதில் வைத்து எழுதிய விதி. வீடு இல்லாதவன் இதற்குள் வந்து மாட்டிக்கொள்வான் என்று எழுதியவன் நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் மாற்றி எழுதியிருக்க மாட்டான்.

நீவா ஸ்ட்ரவுட் அப்படி மாட்டிக்கொண்டவள்.

வெங்காயக் கொட்டகையில் ஓடும் பெல்ட்டுக்கு முன்னால் நின்று அழுகலைப் பொறுக்கியே அவள் வயசு போனது. நான் அங்கே சங்கம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் எல்லாக் கூட்டத்துக்கும் வருவாள். கடைசி வரிசையில் உட்காருவாள். "கை தூக்கணும்னா சொல்லு, தூக்கறேன். மேடையில மட்டும் ஏத்திடாத" என்பாள். சொன்னபடி செய்தாள். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் அதைக்கூடச் செய்யவில்லை.

அவள் புருஷன் ஆரின், வெள்ளை மண் வெட்டும் சுரங்கத்தில் அரவை மில்லில் வேலை பார்த்தவன். மாவு மாதிரி இருக்கும் அந்த மண். அது நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்தது, எழுந்திருக்கவில்லை. இப்போது மூக்கில் குழாய், காலடியில் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின். மெஷின் ஓடக் கரண்ட் வேண்டும். சூரியத் தகட்டில் கொஞ்சம் வரும். மிச்சத்துக்குச் சின்ன ஜெனரேட்டர்.

குடியிருந்த வாடகை வீட்டை விற்றுவிட்டார்கள். வேறு வீடு கிடைக்கவில்லை. கிடைத்தது, பிக்கப் வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கிற பழைய டிரெய்லர் வீடு. எண்பத்தேழில் செய்தது. ஊருக்குள் டிரெய்லர் நிறுத்த இடம் உண்டு, ஆனால் பத்து வருஷத்துக்கு மேல் பழைய வண்டியை உள்ளே விடுவதில்லை. பார்க்க அசிங்கமாக இருக்குமாம். நீவா ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தாள். கடைசி இடத்தில் அலுவலகப் பெண் சிரித்தபடி சொன்னாள்:

"உங்க வண்டிக்கு என் மகளைவிட வயசு ஜாஸ்தி மேடம்."

"உன் மகளுக்கும் வயசாகுமே. அப்போ அவளை வெளியில நிறுத்திடுவியா?"

இடம் கிடைக்கவில்லை. ஆற்றுக்கு வந்தார்கள்.

அதற்கு முன்பே நானும் வண்டியில் குடியேறியிருந்தேன். ஆற்றுப் பக்கம் எங்களைப் போன்றவர்களுக்கு இரண்டு முகாம்தான். கீழ்முகாம் பள்ளத்தாக்கின் அடியில், ஆற்றோரமாக, காற்று படாமல், வில்லோ மர நிழலில் இருக்கிறது. மேல்முகாம் பீடபூமியின் தலையில். சேஜ் புதரும் காற்றும் தவிர அங்கே ஒன்றும் கிடையாது. ஒருவர் கீழே இருக்கும்போது இன்னொருவர் மேலே இருப்பார். நாள் முடிந்ததும் இரண்டு வண்டியும் ஒரே காலையில் கிளம்பி வழியில் எதிரெதிரே தாண்டும். ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினால் போதும், அதுதான் வணக்கம். நீவாவுக்கு ஜோடி, டெல்மர் என்கிற பழைய லாரிக்காரர். அவள் அவருக்குக் கீழே இடம் விடுவாள், அவர் இவளுக்கு மேலே விடுவார். விதிப்படி எல்லாம் சரி. யாரும் எங்கேயும் தங்கவில்லை, எல்லாரும் எப்போதும் தங்கியிருக்கிறோம்.

கோடை முழுக்க இப்படி ஓடியது. செப்டம்பரில் மேலே போனபோது ஆரினுக்கு உதடு நீலமானது. உயரத்தில் காற்று மெல்லிசு. தங்கிய நாளெல்லாம் அவன் படுக்கவே இல்லை, உட்கார்ந்தே தூங்கினான். கீழே இறங்கியதும் நிறம் திரும்பியது. அப்போதே நீவா முடிவு பண்ணிவிட்டாள், இனி ஏற்றக் கூடாது என்று. யாரிடமும் சொல்லவில்லை.

கீழ்முகாமுக்கு ஒரு கெடுதல் உண்டு. ரோடு. தார் ரோட்டிலிருந்து பிரிந்து வரும் மண் பாதை, முழுக்கக் களிமண். காய்ந்தால் சிமெண்ட். நனைந்தால் சக்கரத்தில் சுற்றி ஏறிக்கொண்டே போய், கடைசியில் சக்கரம் சுழலவே இடமில்லாமல் வண்டி நின்றுவிடும். மழை பெய்தால் காயும்வரை யாரும் உள்ளே வர முடியாது, வெளியே போகவும் முடியாது.

அக்டோபரில், கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது, ட்ராய் வந்தான். நில அலுவலகத்தின் காவலன். இளம் ஆள், மோசமானவன் இல்லை. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நீவாவிடம் பேசுவான்.

"நாளைக்குக் காலையில கிளம்பிடணும் மேடம். நாளைக்கு சாயங்காலம் மழைன்னு சொல்றாங்க. அதுக்கு முன்னாடி மேல ஏறிடுங்க."

"கேன் பெட்ரோல் எல்லாம் டேங்க்ல ஊத்தியாச்சு" என்றாள் நீவா.

இது எங்கள் வழக்கம். கிளம்புவதற்கு முந்தின நாள் கேனில் மிச்சமிருக்கும் பெட்ரோலை எல்லாம் பிக்கப் டேங்கில் ஊற்றிவிடுவோம். குலுங்குகிற பாதையில் கேன் கவிழ்ந்து டிரெய்லர் முழுக்க நாறாமல் இருக்க. யாரும் யோசித்துச் செய்வதில்லை. கை தானாகச் செய்யும்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆரின் குழாயைச் சரிபண்ணிக்கொண்டு சொன்னான்: "மேல காத்து கிராக்கி தம்பி. என் மூக்குக்குக் கட்டுப்படி ஆகாது."

"மெஷினைக் கொஞ்சம் ஜாஸ்தியா வெச்சுக்கலாமே?"

"மெஷின் இருக்கற காத்தைத்தானே பிரிக்கும்? இல்லாத காத்தை எங்க போய்ப் பிரிக்கும்?"

ட்ராய் நீவாவைப் பார்த்தான். நீவா ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஒரு வாரம் குடு ட்ராய். இருமல் அடங்கட்டும்."

"குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல மேடம். உங்களுக்குக் குடுத்தா எல்லாருக்கும் குடுக்கணும்."

"குடேன்" என்றேன் நான்.

"நீ வாயைத் திறக்காத" என்றாள் நீவா என்னிடம். "இது உன் போராட்டம் இல்ல. எனக்கு வண்டி நிறுத்த ஒரு இடம் வேணும், அவ்வளவுதான்." பிறகு ட்ராயிடம் திரும்பினாள். "நோட்டீஸை எழுதிக் குடு. இந்த ஆளை மேல ஏத்த மாட்டேன்."

அவள் தானாக எதையாவது மறுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ட்ராய் வண்டியின் மூக்கில் வைத்து எழுதினான். எழுதும்போது முகம் சிவந்திருந்தது. கொடுத்துவிட்டுக் கிளம்பினான்.

மழைக்கு மறுநாள் சாயங்காலம்வரை பொறுமை இல்லை. அரை மணி நேரத்தில் வந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து ட்ராய் நடந்து வந்தான். முழங்கால்வரை களிமண் அப்பி, காலைத் தூக்கி வைக்க முடியாமல். அரசாங்க வண்டி மேலே ஒரு வளைவில் பள்ளத்துக்குள் சரிந்து கிடந்தது.

ஆரினுக்குச் சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தது. "வாங்க தம்பி, வாங்க. உங்களுக்கு இன்னைலேர்ந்து பதினாலு."

"ஆரின்!" என்று அதட்டினாள் நீவா.

"நோட்டீஸ் புக் கையிலதானே இருக்கு? தன் பேர்ல ஒண்ணு எழுதிக்கச் சொல்லு."

சிரித்தது அன்றைக்கு மட்டும்தான். மறுநாளும் வானம் விடவில்லை. பள்ளத்தாக்கில் மேகம் மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துவிட்டது. சூரியத் தகடு சும்மா கிடந்தது. ஜெனரேட்டர் காய்ந்துபோயிருந்தது. டேங்கில் குழாய் விட்டு உறிஞ்சப் பார்த்தேன். பிக்கப் புதுசு, கழுத்தில் வலை வைத்திருந்தார்கள், குழாய் இறங்கவில்லை. வேறு வழி இல்லாமல் பிக்கப் எஞ்சினையே ஓடவிட்டு, பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து மெஷினுக்குக் கொடுத்தோம். சின்ன ஜெனரேட்டர் ஒரு கேனில் ஓடுகிற நேரத்துக்குள் பெரிய எஞ்சின் அந்தக் கேனைக் குடித்துவிட்டு இன்னும் கேட்கும்.

இப்போது நிலைமை இது: ஆரின் மூச்சு விடுகிற பெட்ரோலும், இந்தக் குழியிலிருந்து ஏறிப் போகிற பெட்ரோலும் ஒரே டேங்கில். இருக்க இருக்கப் போக முடியாமல் ஆகிக்கொண்டிருந்தது.

நீவா டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். பெட்ரோல் முள்ளைப் பார்த்தபடி. கதவைத் திறந்து காபி கொடுத்தால் வாங்குவாள், குடிக்க மாட்டாள். என் வண்டி பழசு, வலை கிடையாது, டேங்கில் இருந்த கொஞ்சத்தையும் உறிஞ்சி எடுத்தேன். வாயெல்லாம் பெட்ரோல். கீழே இருந்த மற்ற இரண்டு வண்டிக்காரர்களும் கேனைக் காட்டினார்கள். அவர்களுக்கும் அதே கெடுதான், அவர்கள் கேனும் காலி, டேங்கிலும் வலை. ட்ராய் மழையில் தன் வண்டிவரை நடந்து போய், மரம் அறுக்கும் மெஷினுக்கு வைத்திருந்த கேனைத் தூக்கி வந்தான். எண்ணெய் கலந்த பெட்ரோல்.

"இது அரசாங்கச் சொத்து" என்றான், கொடுக்கும்போது.

"அரசாங்கம் மூச்சு விடட்டும்" என்றான் ஆரின். குரல் தேய்ந்திருந்தது.

அந்தக் கேன் ஜெனரேட்டருக்குப் போனது. புகை கக்கிக்கொண்டு ஓடியது. ஒரு மத்தியானத்தைத் தாண்டினோம். பிறகு மறுபடி பிக்கப்.

ட்ராயின் ரேடியோ வேலை செய்தது. அவன் நீவாவின் கதவருகே வந்து நின்றான்.

"ஹெலிகாப்டர் கூப்பிடறேன் மேடம். மேகம் கொஞ்சம் தூக்கினா வருவாங்க. ஆரினை நேரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடலாம்."

டிரெய்லருக்குள்ளிருந்து ஆரின் கேட்டான்: "ஏத்துவாங்க, சரி. எங்க இறக்குவாங்க?"

"ஆஸ்பத்திரியில."

"அதுக்கு அப்புறம்?"

ட்ராய் ரேடியோவைத் திரும்ப இடுப்பில் மாட்டிக்கொண்டான்.

"தேறினதும் வீட்டுக்கு அனுப்புவாங்க இல்ல? எந்த வீட்டுக்குன்னு கேப்பாங்க. பதினாலு நாளைக்கு ஒரு தடவை இடம் மாத்தறோம்னு சொல்லுவேன். அப்போ வீடு இல்லாதவன்னு எழுதி, எங்கயாவது முதியோர் விடுதியில கட்டிலைப் போட்டுப் படுக்க வெச்சிடுவாங்க. இவளை உள்ள விட மாட்டாங்க. நீவா, நான் போக மாட்டேன்."

"நீ சும்மா கிட. உன்னை யாரும் கேக்கல."

"என் மூச்சைப் பத்திதானே பேசறீங்க!"

நீவா ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். இந்தப் பக்கம் போனால் ஆள் போவான். அந்தப் பக்கம் போனால் ஆள் இருப்பான், ஆனால் அவளோடு இருக்க மாட்டான். பிறகு நிமிர்ந்து, முள்ளின் கண்ணாடிமேல் ஒரு இடத்தில் விரலை வைத்தாள்.

"தார் ரோட்டுக்கு ஏற இவ்வளவு வேணும். முள் இங்க வந்தா கூப்பிடு. அதுக்கு முன்னாடி கூப்பிடாத. வந்த அப்புறம் என்னைக் கேக்காத."

ட்ராய் தலையசைத்தான். அதற்குப் பிறகு நாங்கள் எல்லாரும் அந்த முள்ளைத்தான் பார்த்தோம். எனக்குத் தெரிந்து ஒரு ஆளின் உயிரை இவ்வளவு பேர் சேர்ந்து பார்த்ததில்லை. ஒன்றும் செய்ய முடியாமல்.

முள் நீவாவின் விரல் அடையாளத்தைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் மழை நின்றது. மேற்கிலிருந்து காற்று கிளம்பியது. உலர்த்தி எடுக்கிற காற்று. எஞ்சினை நிறுத்திவிட்டு, வெயில் பட்ட தகட்டில் மெஷினைப் போட்டாள். மறுநாள் பகல் முழுக்கக் காற்று விடவில்லை. ராத்திரிகளில் மெஷினைக் குறைத்து வைத்து, பகலில் பேட்டரியில் ஏறியதைக் கொண்டு தள்ளினோம். அதற்கடுத்த நாள் காலையில் பாதையில் இறங்கி நடந்தாள். மேல் ஓடு மட்டும் காய்ந்திருந்தால் எங்கள் ஆட்கள் நம்ப மாட்டார்கள். குதிகாலால் குத்தி, உள்ளே பிசுபிசுக்கிறதா என்று பார்க்க வேண்டும். குத்தினாள். கொஞ்ச தூரம் நடந்து மறுபடி குத்தினாள். திரும்பி வந்து டிரெய்லரைக் கொக்கியில் மாட்டினாள்.

என் டேங்க் காலி. ஊரிலிருந்து யாராவது பெட்ரோல் கொண்டு வரும்வரை என் வண்டி கீழேயே கிடக்க வேண்டியதுதான். ட்ராயும் நானும் அவள் பிக்கப்பில் ஏறிக்கொண்டோம். சரிந்து கிடந்த அரசாங்க வண்டியைச் சங்கிலி போட்டு அவளே இழுத்து எடுத்தாள். போகிற பெட்ரோலில் அதற்கும் கொஞ்சம் செலவழித்தாள். யாரும் கேட்கவில்லை.

தார் ரோடு சேரும் இடத்தில் வண்டியை நிறுத்தினாள். இடது பக்கம் மேல்முகாம். அங்கே டெல்மர் இடம் பிடித்துக் காத்துக்கொண்டிருப்பார். வலது பக்கம் ரோடு ஆற்றோடு சேர்ந்து இறங்குகிறது. ட்ராய் தன் வண்டியிலிருந்து இறங்கி வந்தான். தொப்பி கையில்.

"ரோடு அடைஞ்சு கிடந்த நாளை நான் கணக்குல எடுத்துக்கல மேடம். அந்த நோட்டீஸைக் கிழிச்சிடுங்க. ஆனா..."

"ஆனா மேல போகணும்."

"ஆமா."

நீவா பக்கத்து சீட்டில் இருந்த ஆரினைப் பார்த்தாள். அவன் கண்ணை மூடியிருந்தான். தூங்கவில்லை. அவள் என்ன செய்யப் போகிறாள் என்று கேட்கப் பயந்து மூடியிருந்தான்.

"கீழ போனா ரோடு புடிச்சிக்குது" என்றாள். "மேல போனா காத்து இல்ல. ஊருக்குள்ள போனா வண்டி பழசு." யாரிடமும் சொல்லவில்லை, கணக்குப் பார்க்கிற மாதிரி வாய்க்குள் சொன்னாள். பிறகு சத்தமாக: "டெல்மர்கிட்ட சொல்லிடு ட்ராய். அந்த இடத்தை வேற யாருக்காவது விடட்டும். நான் பாலத்துக்கிட்ட போறேன்."

"பாலத்துக்கிட்டயா? அங்க கேம்ப் எதுவும் இல்லையே மேடம். லாரிக்காரங்க இளைப்பாற நிறுத்தற இடம்தானே அது?"

"தார் இருக்கு. பள்ளத்துல இருக்கு. வேற என்ன வேணும்?"

"அங்க நீங்க..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். அவளுக்குத் தெரியும் என்று அவனுக்குப் புரிந்தது.

வலது பக்கம் திருப்பினாள். நான் பின்சீட்டில் இருந்தேன். பாலத்தைத் தாண்டியதும் லாரிகளுக்கு நடுவில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கமாக ஒரு இடம் பார்த்து நிறுத்தினாள். வண்டியின் மூக்கை ரோட்டைப் பார்த்தபடி வைத்தாள். எஞ்சின் அடங்கியதும் பிரேக் சத்தம், லாரிக் கதவு சாத்துகிற சத்தம், அதற்கு நடுவில் ஆரினின் மூச்சு. ஒழுங்காக ஏறி இறங்கியது. அவன் கண்ணைத் திறந்து வெளியே பார்த்தான்.

"இங்க நல்லா இருக்கு" என்றான்.

"ஆமா" என்றாள் நீவா.

அவள் பக்க ஜன்னலுக்கு நேரே, கழிப்பறைச் சுவரில், பலகை இருந்தது. வண்டி நிறுத்தி வைக்க அனுமதிக்கப்பட்ட நேரம்: பன்னிரண்டு மணி நேரம்.