மாமா போட்ட கோடு

மாமாவை, அதாவது என் அக்காவின் கணவரை, எல்லாரும் 'கண்டக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அப்படித்தான். மூச்சுவிட இடமில்லாத பஸ்ஸில் "உள்ள நிறைய இடம் இருக்கு, நகருங்க" என்று கூசாமல் சொல்லி ஆளை ஏற்றியவர். அந்த மனிதர் தன் சொந்த நிலத்தில், சுண்ணாம்புக் கோடுகளுக்கு நடுவே நின்று, "இடமே இல்லையேப்பா" என்று என்னிடம் முனகினார்.

ஊருக்கு வெளியே வாங்கிப்போட்ட நிலம். முள்செடிகளை வெட்டிச் சமன்படுத்தி, முளையடித்து, நூல் பிடித்து, மேஸ்திரி அறைகளுக்குக் கோடு போட்டிருந்தார். சுற்றிலும் வெட்டவெளி. அதற்கு நடுவே ஹால் தீப்பெட்டி மாதிரி தெரிந்தது. எனக்கும் அப்படித்தான் தெரிந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

"காலி மனையில எல்லா வீடும் சின்னதாத்தான் தெரியும் சார். செவரு எழும்பினா சரியாயிடும்" என்றார் மேஸ்திரி.

"செவரு எழும்பினா இன்னும் அடைச்சுக்காதா?"

மேஸ்திரி யோசித்தார். அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

வெளிச்சுவர் நகராது என்று மட்டும் அவர் கறாராகச் சொல்லிவிட்டதால், மாமா உள்கோடுகளில் கைவைத்தார். ஹாலைத் தள்ளினோம், படுக்கையறை ஒடுங்கியது. அதைத் தள்ளினால் சமையலறைக் கதவைத் திறக்க வழியில்லை. காலால் அழிப்பதும் மறுபடி போடுவதுமாக, எது பழைய கோடு, எது புதுக் கோடு என்று மூன்று பேருக்குமே புரியவில்லை. "இப்ப நான் ஹால்ல நிக்கறேனா, பாத்ரூம்லயா?" என்று மாமா கேட்டார். நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நான் திருதிருவென்று விழித்தேன். வந்த எரிச்சலில் அதைப் போட்டுவிட்டுப் போய்விடலாம் என்றிருந்தது.

அதற்குள் அஸ்திவாரத்துக்குப் பள்ளம் தோண்டும் வண்டி வந்துவிட்டது. அதன் பின்னாலேயே அக்காவும் வந்தாள்.

அக்கா வீட்டிலேயே துணி தைப்பவள். வாடகை வீட்டில் அவள் தையல் மிஷின் சமையலறை வாசலில் கிடக்கிறது. யார் தண்ணீர் குடிக்கப் போனாலும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எழுந்து வழிவிட வேண்டும். கல்யாணமான புதிதிலேயே, "உனக்குன்னு கதவு வெச்ச ரூம் கட்டித் தரேன்" என்று மாமா வாக்குக் கொடுத்திருந்தார். அவள் அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. மறக்கவும் இல்லை.

கோடுகளுக்குள் மெல்ல நடந்து பார்த்தாள். "ஏங்க, என் ரூம் எது?"

மாமா வலப்பக்கம் கைகாட்டினார். அது சமையலறை. இடப்பக்கம் காட்டினார். மேஸ்திரி இல்லையென்று தலையாட்டினார்.

"இங்கதாம்மா இருந்துச்சு" என்றார் மாமா. எனக்கு அவர்மேல் ஆத்திரமும் வந்தது, பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

அக்கா சண்டை போடவில்லை. சுண்ணாம்புக் கூடையை எடுத்துக்கொண்டு ஹாலின் மூலைக்குப் போனாள். மிஷினுக்கு இவ்வளவு, துணி வெட்டும் மேசைக்கு இவ்வளவு என்று காலாலேயே அளந்து, சுற்றிக் கோடு இழுத்தாள். கதவுக்கு மட்டும் இடைவெளி விட்டாள். மாமாவின் ஹாலில் பாதி போயிற்று.

வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார். "எங்கேருந்து தோண்டட்டும் சார்?"

மாமா என்னைப் பார்த்தார். நான் மேஸ்திரியைப் பார்த்தேன்.

"இந்த ரூம்லேருந்து ஆரம்பிங்க" என்றாள் அக்கா. "மிச்ச இடத்துல இவரு வீடு கட்டிக்கட்டும்."