சிமெண்ட் புள்ளிகள்

சாப்பிட்ட அரை மணி நேரத்தில் அப்பாவுக்கு வயிறு சுருட்டிப் பிடிக்கும். அதற்குப் பயந்தே சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். நாங்கள் பிழைக்க வந்த கன்னட ஊரில், மண்டி மொஹல்லாவில் நடந்துகொண்டிருந்த பூச்சு வேலைக்குப் போவதும் நின்றது. மலம் கறுப்பாகப் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தார்.

என்னைவிட அப்பா நன்றாகக் கன்னடம் பேசுவார். ஆனாலும் அங்கே டாக்டரிடம் பேச, “நீயே சொல்லு கண்ணு, படிச்சவன் நீதானே” என்று ஒதுங்கிக்கொண்டார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். உடம்பில் தடிப்பு, புள்ளி ஏதாவது உண்டா என்று டாக்டர் கேட்டபோது, இல்லை என்றேன். அப்பா காலில் செம்புள்ளிகள் இருந்தது எனக்குத் தெரியும். பூச்சு வேலைக்காரர் காலில் சிமெண்ட் அரிப்பு எப்போதும் இருப்பதுதான். தேங்காயெண்ணெய் தடவுவோம். அதையெல்லாம் நாங்கள் நோயில் சேர்த்ததில்லை.

ஸ்கேனில் குடல் வீங்கித் தெரிந்தது. வலி அடங்காவிட்டால் வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

மறுநாள் காலை, ஈரத்துணியால் அவர் காலைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா நிறுத்தினாள்.

“ஏனுங்க, பத்து நாளா வேலைக்கே போகல. இந்தப் புள்ளி தொடை வரைக்கும் ஏறியிருக்குதுங்களே.”

“நான் போகலைன்னு சிமெண்டே தேடிக்கிட்டு வந்திருக்கும்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டரைத் தேடிப் போய், நேற்று தவறாகச் சொல்லிவிட்டதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. வந்து ஒரு புள்ளியை விரலால் அழுத்திப் பார்த்தார். சிவப்பு மறையவில்லை. வெறும் அரிப்பென்றால் அழுத்தும்போது மறையும், இது தோலுக்குள் ரத்தம் கசிவது என்றார். தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதித்தார்கள். சின்ன ரத்தக்குழாய்களில் அழற்சி. காலில் தெரிவதுதான் குடல் சுவரிலும் நடக்கிறது என்றார்கள். சிறுநீரகத்தையும் தொட்டிருக்கிறதா என்று சிறுநீரையும் பரிசோதித்தார்கள். இப்போதைக்குக் கத்தி வேண்டாம், மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்றார்கள்.

“நாந்தாம்ப்பா தப்பாச் சொல்லிட்டேன்.”

“என்னைக் கேட்டிருந்தாலும் சிமெண்டுன்னுதான் சொல்லியிருப்பேன், விடு கண்ணு.”

மருந்து தொடங்கிய நான்காம் நாள் ஒரு இட்லி கொடுக்கச் சொன்னார்கள். அம்மா பிட்டுப் பிட்டு ஊட்டினாள். பிறகு மூவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அரை மணி தாண்டி, முக்கால் மணியும் ஆனது.

“வலிக்குதுங்களா?” என்றாள் அம்மா.

அப்பா வயிற்றில் கைவைத்துப் பார்த்தார்.

“பசிக்குது” என்றார்.

இன்னொரு இட்லி கொடுக்கலாமா என்று நர்ஸிடம் கேட்க எழுந்தேன்.